ஆகட்டும் என்கிறார்

கரமனை அக்ரகாரத்தில் படித்துறைக்கு முந்தின மூன்றாவது வீட்டில் சூடாமணி என்று ஒருத்தி இருந்தாள். அந்த வீட்டை யாரும் சூடாமணி வீடு என்று சொன்னதில்லை. விளம்பல் பட்டாபி வீடு என்றுதான் பேர். பந்தியில் பரிமாறுவதை அங்கே விளம்புவது என்பார்கள். அவள் புருஷர் பட்டாபி கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி, இலவசச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரையில் இருபத்திரண்டு வருஷம் பந்தி விளம்பினவர்.

விடியற்காலையில் ஆற்றில் முழுகி, நெற்றி நிறையத் திருநீறு இட்டுக்கொண்டு, கோட்டைக்கு நடந்தே போவார். பத்மநாபனைத் தூர நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாளியைக் கையில் எடுத்தால் பிறகு மூன்றாம் பந்தி முடிந்துதான் கீழே வைப்பார். சாப்பிடுகிறவர்களை யாரும் விரட்டக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். "மெள்ள ஆகட்டும், மெள்ள ஆகட்டும்" என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டே போவார். வீட்டிலும் அப்படித்தான். சூடாமணி அடுப்படியில் அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டால், "மெள்ள ஆகட்டுமே, யார் இங்க பந்தியில காத்துண்டிருக்கா?" என்பார்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வடக்கே பெருவெள்ளம் வந்ததல்லவா, அதற்கு அடுத்த கர்க்கடக மாசம், அதாவது ஆடியில், அவர் பந்திக்கு நடுவில் விழுந்தார். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் விழுந்தாராம். ஒரு துளி சிந்தவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சொன்னார்கள். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. வைத்தியர் எண்ணெய் கொடுத்தார், கஷாயம் கொடுத்தார். "கை கால் கொஞ்சம் திரும்பலாம். நாக்கை ஈசுவரன்தான் திருப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் வீட்டில் சத்தமே இல்லை. ஒரு நாள் காலையில் சூடாமணி அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. எழுந்து ஓடவேண்டும் என்று அவசர அவசரமாக இரண்டு கரண்டியை வாயில் சாய்த்தாள். கஞ்சி தாடையில் வழிந்தது. அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆகட்டும்" என்றார்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. சூடாமணி எழுந்திருக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "மெள்ளன்னு சொல்றேளா? மெள்ளத்தான், மெள்ளத்தான்" என்றாள். அவர்களுடைய ஒரே பெண் லலிதாம்பாள் பூப்பறித்த கையோடு ஓடிவந்தாள். "அப்பா பேசினாராம்மா?" "பேசினார்டி, என்னைத் திட்டினார்!"

திரும்பி வந்தது அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீருக்கும் ஆகட்டும், வெயிலுக்கும் ஆகட்டும், வலிக்கும் ஆகட்டும், வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் ஆகட்டும். வேறு எந்தச் சொல்லைத் தேடினாலும் கடைசியில் அதுதான் வந்து வாயில் விழும். அது தப்பான சொல் என்று அவருக்கே தெரியும். தெரிந்து, முகம் சிவந்து, மறுபடி முயன்று, மறுபடியும் ஆகட்டும் என்பார்.

ஆனால் சூடாமணிக்கு அது போதுமாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்வார், மீதியை அவள் சொல்வாள். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கண் எங்கே போகிறது, நேரம் என்ன, நேற்று என்ன நடந்தது, இதெல்லாம் சேர்த்துப் பார்த்து, "போர்வையா? இல்லையா? ஜன்னலா?" என்று ஒன்றொன்றாகக் கேட்பாள். சரியாக வரும்வரை அவரும் விடமாட்டார், இவளும் விடமாட்டாள். வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரு சிரிப்பு.

ஒரு நாள் பகலில் சாதம் பிசைந்து கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. "ஆகட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உப்பில்லையா? உறைக்கிறதா? வயிறு சரியில்லையா? எல்லாவற்றுக்கும் ஆகட்டும், ஆகட்டும். சூடாமணிக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னதான் வேணும் உங்களுக்கு? நானும் மனுஷிதானே?" என்று தட்டை நங்கென்று வைத்தாள். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் பஞ்சாங்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்தாள். அன்றைக்கு ஏகாதசி.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "என் புத்தியைப் பாருங்கோ. நாக்கு போனாலும் ஏகாதசி போகலை உங்களுக்கு. எனக்குத்தான் எல்லாம் இருந்தும் திதி மறந்துபோச்சு" என்றாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் சிரித்தது.

தெருக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? வருவார்கள், அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு மேலே பேசுவார்கள். "பாவம், எப்பேர்ப்பட்ட விளம்பல்காரர், புத்தி போயிடுத்து பாரு." "இதுக்கு பகவான் அன்னிக்கே கூட்டிண்டு போயிருக்கலாம்." அவர் கேட்டுக்கொண்டு கிடப்பார். அப்படி வந்துபோன நாட்களில் அவர் ராத்திரிக்குச் சாப்பிடுவதில்லை என்பது சூடாமணிக்குத்தான் தெரியும்.

அவள் ஒரு நாள் எதிர்வீட்டு நாகலக்ஷ்மியிடம் வெட்டிச் சொன்னாள். "இங்க பாருங்கோ மாமி, எங்காத்துக்கு வந்தா அவர்கிட்டப் பேசணும். அவர் தெரிஞ்சுண்டுதான் சொல்றாராக்கும். ஒரு வார்த்தை கேளுங்கோ, அவர் சொல்லட்டும், அப்புறம் நீங்க சொல்லுங்கோ."

"அதெப்படிடி? எதைக் கேட்டாலும் ஆகட்டும்னா நான் என்னத்தைக் கண்டேன்?"

"உங்காத்து மாமா எதைக் கேட்டாலும் 'ம்'ங்கறாரே, அதுல நீங்க எல்லாம் கண்டுக்கலையா?"

நாகலக்ஷ்மி வயிறு குலுங்கச் சிரித்தாள். மறுநாளிலிருந்து, "பட்டாபி மாமா, இன்னிக்கு வெயிலுக்கு வடாம் போடலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் வீட்டு முற்றத்தில் வடாம் பிழிந்தாள். பால்காரி ஓமனாவும் பழகிக்கொண்டாள். "சாமி, இன்னு பால் நல்லதாணு, கேட்டோ" என்று மலையாளத்தில் சொல்வாள். "ஆகட்டும்" என்பார். "சாமி சம்மதிச்சு" என்று சிரித்துக்கொண்டே அளப்பாள். தெருவில் சாஸ்தாப்ரீதி பூஜையும் விருந்தும் வந்தபோது அக்ரகாரச் சமூகத்தார் நாலு பேர் வந்து நின்று, "பட்டாபி, பாயசம் சக்கைப் பிரதமனா, அடைப் பிரதமனா? நீ சொல்லு" என்று கேட்டார்கள். அவர் ஆகட்டும் என்றார். உள்ளேயிருந்து சூடாமணி, "ரெண்டும் ஆகட்டும்ங்கறார்" என்றாள். தெருவே சிரித்தது. இரண்டு பிரதமனும் வைத்தார்கள். அன்றைக்கு அவர் முகம் பழையபடி பந்தி நடுவில் நிற்கிறவர் முகமாக இருந்தது.

ஒன்றரை வருஷத்தில் பட்டாபியின் ஆகட்டும் அந்தத் தெருவில் ஒரு மனுஷரின் வார்த்தையாக நடமாடியது. அதை அப்படி நடமாட வைத்தவள் சூடாமணி. அவள் வாழ்க்கையில் தன் கையால் செய்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அதைத்தான் அவளே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வாயால் அழித்தாள்.

சூடாமணிக்கு ஒரு அண்ணா இருந்தார். பூதலிங்கம் என்று பேர், வலியசாலையில் வீடு, சர்க்கார் கச்சேரியில் குமஸ்தா. பட்டாபி விழுந்த நாள் முதல் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது அவருடைய அரிசியில்தான். தங்கைமேல் உயிர். அவர் ஒரு நாள் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"சூடாமணி, லலிதாவுக்கு வரன் வந்திருக்கு, கேட்டியோ? நாம தேடிப் போகலை, தானா வந்திருக்கு. வலியசாலை வெங்கடசுப்ரமணியன். நிலம் இருக்கு, வீடு இருக்கு. ஒண்ணும் வேண்டாம், பொண்ணைக் கட்டின புடவையோட அனுப்பினாப் போதும்ங்கறான்."

லலிதாவுக்கு அப்போது பதினாலு வயது. அந்தக் காலத்து வழக்கத்துக்கு அதுவே தாமதம் என்று தெரு பேசிக்கொண்டிருந்தது. வெங்கடசுப்ரமணியனுக்கு நாற்பத்தாறு. இரண்டு பெண்டாட்டியை இழந்தவன்.

அந்தப் பேர் சூடாமணிக்குத் தெரியும். அவனை அவள் பார்த்ததில்லை. ஆனால் பட்டாபி நன்றாக இருந்த காலத்தில் ஒரு நாள் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்து சொன்னது அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. ஊட்டுப்புரைப் பந்தியில் ரசம் ஆறிப்போச்சு என்று இந்த வெங்கடசுப்ரமணியன், விளம்ப வந்த கிழவர் ஒருவரின் கையைப் பிடித்து, கொதிக்கிற வாளிக்குள் அமுக்கி, 'இப்போ சுடறதா?' என்று கேட்டானாம். "அந்தக் கிழவர் கத்தக்கூட இல்லை, சூடாமணி. பந்தி கலைஞ்சுடும்னு வாயைப் பொத்திண்டார். அவனாத்துப் பெண்டுகளை நினைச்சா எனக்குச் சாதம் இறங்கலை" என்றார் பட்டாபி. அவன் இரண்டாவது பெண்டாட்டி செத்த செய்தி வந்த அன்றைக்கு, "தப்பிச்சா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஸ்நானம் பண்ணப் போனார்.

இதை அவள் அண்ணாவிடம் சொன்னாள். "எந்தக் காலத்துக் கதை அது! பசியில மனுஷன் கோபப்படாம இருப்பானா? எனக்கும் வயசாறது. நாளைக்கு நான் கண்ணை மூடினா இந்தப் பொண்ணு எங்க நிக்கும்?" என்றார் பூதலிங்கம். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அவருக்கு இஷ்டமிருக்காது, அண்ணா."

"கேட்டுடலாமே" என்று பூதலிங்கம் பட்டாபி பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, வலியசாலை வெங்கடசுப்ரமணியனுக்கு லலிதாவைக் குடுத்துடலாமா?"

பட்டாபி தலையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "ஆகட்டும்" என்றார்.

"கேட்டியோ?"

"இது வேண்டாம்ங்கற ஆகட்டும், அண்ணா. முகத்தைப் பாரு."

"நன்னாருக்கு! பிரதமன்னா ரெண்டும் ஆகட்டும், வரன்னா மட்டும் வேண்டாமா? நீதானேடி ஊரெல்லாம் சொன்னே, தெரிஞ்சுண்டுதான் சொல்றார்னு? வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாத்திக்க வரா. கூடத்தை மெழுகி வை."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும் முன்னே ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வெங்கடசுப்ரமணியன் நல்ல சரிகை அங்கவஸ்திரத்தோடு நடுவில் உட்கார்ந்தான். அவனுடைய பெரியப்பா கல்யாணராமன் என்கிற கிழவர் பக்கத்தில். பூதலிங்கம் பட்டாபியைத் தூக்கி, சுவரோரம் தலையணை வைத்து, கதர் வேஷ்டியை ஒழுங்குபடுத்தி உட்காரவைத்தார். ஆண்கள் கூடத்தில் இருக்கும்போது பெண்கள் உள்கட்டுக் கதவுக்குப் பின்னால்தான். கதவிடுக்கில் சூடாமணியும் நாகலக்ஷ்மியும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் லலிதா, தலை நிறையப் பூவோடு, தூணைக் கட்டிக்கொண்டு.

தாம்பூலத் தட்டை எடுத்தபோது கல்யாணராமன் கையை நீட்டித் தடுத்தார். அவர் நியாயஸ்தர். "அம்மான் குடுத்தாப் போறாது. பொண்ணைப் பெத்தவர் இருக்கார். அவர் வாயால ஒரு வார்த்தை வரணும்."

"பேஷா வரும்" என்று பூதலிங்கம் பட்டாபியிடம் குனிந்தார். "மாப்பிள்ளை, எல்லாரும் காத்துண்டிருக்கா. குடுக்கலாமோல்லியோ?"

பட்டாபி வந்தவர்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தார். வெங்கடசுப்ரமணியனிடம் வந்து பார்வை நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் எதையோ தேடிற்று. சூடாமணி இந்தப் பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு, 'பத்மநாபா, ஒரே ஒரு வார்த்தை, வேறே ஒரு வார்த்தை குடு' என்று வேண்டிக்கொண்டாள்.

"ஆகட்டும்" என்றார்.

இல்லை இல்லை என்று தலையை ஆட்டப் பார்த்தார். அது தோளில் சாய்ந்து, சரி சரி என்கிற மாதிரி ஆடியது. இடது கையால் தரையை அறைந்தார். "ஆகட்டும்! ஆகட்டும்!"

கூடம் சிரித்தது. "சந்தோஷத்தைப் பாரேன் மனுஷருக்கு!" என்றது ஒரு குரல். "பின்னே, பொண்ணு கரையேறறதே" என்றது இன்னொன்று.

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடுக்கில் அவளைத் தேடினார். ஒன்றரை வருஷமாக எப்போது சொல் தப்பிப்போனாலும் அப்படித்தான் பார்ப்பார். நீ சொல்லு என்று அர்த்தம்.

சூடாமணி சொன்னாள். கதவுக்குப் பின்னாலிருந்தே, எல்லார் காதிலும் விழும்படி, "அவர் வேண்டாம்ங்கறார்" என்றாள்.

மறுபடியும் ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. "ஆகட்டும்னா வேண்டாமா? இது எந்த ஊர் பாஷை?" என்று கேட்டான் வெங்கடசுப்ரமணியன். பூதலிங்கம், "சூடாமணி, நீ சும்மா இரு" என்று பல்லைக் கடித்தார்.

"எனக்குத் தெரியும், அண்ணா. அவர் பேசறது எனக்குத் தெரியும்."

கல்யாணராமன் கதவுப் பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் பேசினார். "அம்மா, கேளுங்கோ. உங்க இஷ்டத்தை நாங்க கேட்க வரலை, அது வழக்கமில்லை. அவர் வார்த்தையைக் கேட்க வந்தோம். அவர் சொன்னது வார்த்தைன்னா நிச்சயம் ஆயாச்சு, தட்டை மாத்திக்கறோம். இல்லை, அவருக்கு ஓர்மை இல்லை, வாய் போன போக்குல வர்றதுன்னா அதைச் சொல்லிடுங்கோ. பித்துப் பிடிச்சவன் வாக்கை வாங்கிண்டு நாங்க பொண்ணெடுக்க மாட்டோம், எழுந்து போறோம். ரெண்டுல எது?"

சூடாமணிக்குப் பின்னால் லலிதா மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. எதிரே பட்டாபி பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. சரி, இவள் வந்துவிட்டாள், இனி இவள் பார்த்துக்கொள்வாள் என்கிற தெளிவு. ஏகாதசி அன்றைக்குப் பஞ்சாங்கத்தை அவள் கண்டுகொண்டபோது வந்த அதே தெளிவு.

அவள் கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அந்நிய ஆண்கள் முன்னால் அவள் அந்தப் படியைத் தாண்டியதில்லை. அவரைப் பார்க்காமல் கல்யாணராமனைப் பார்த்துச் சொன்னாள்.

"அது வார்த்தை இல்லை. அவருக்கு ஒண்ணும் தெரியாது. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஊரெல்லாம் சிரிக்குமேன்னு நான்தான் இத்தனை நாளா அவர் சொன்னார், அவர் சொன்னார்னு பொய் சொல்லிண்டிருந்தேன்."

கல்யாணராமன் எழுந்து, "லக்ஷணமா உண்மையைச் சொன்னேள்" என்று கைகூப்பினார். தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். வெங்கடசுப்ரமணியன் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்தப் பைத்தியத்தையா உட்காரவச்சு நமஸ்காரம் பண்ணச் சொன்னேள்?" என்று கேட்டது உள்ளே வரைக்கும் கேட்டது. பூதலிங்கம் தங்கையைப் பார்த்து, "எங்களை எல்லாம் மடையனாக்கினியே, சூடாமணி" என்று சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் போனார்.

சூடாமணி பட்டாபி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏன்னா, பொண்ணு தப்பிச்சா. உங்களுக்குத் தெரியுமோல்லியோ நான் ஏன் சொன்னேன்னு? தெரியுமோல்லியோ?" என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள். லலிதா விளக்கேற்றிக் கொண்டுவந்து வைத்தாள். விளக்கைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஓமனா பாலோடு வந்தாள். அவர் பக்கம் திரும்பாமலே அளந்துவிட்டு, வாசல்படியில் நின்று சூடாமணியிடம் மட்டும், "பாவம் சாமி" என்றாள். நாகலக்ஷ்மி வடாம் போடுவதற்கு யாரையும் கேட்கவில்லை. அடுத்த சாஸ்தாப்ரீதிக்குச் சமூகத்தார் வரவில்லை. வந்தவர்கள் பழையபடி அவர் தலைக்கு மேலே பேசினார்கள். யாரைச் சொல்லி என்ன? அவர்களுக்குச் சொன்னவள் அவள்தான்.

சூடாமணி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். போர்வையா, ஜன்னலா, தண்ணியா? வேண்டுமென்றே கஞ்சியை வேகமாகப் புகட்டிப் பார்த்தாள், மணிக்கட்டைப் பிடிக்க மாட்டாரா என்று. அவர் வேகமாகவே விழுங்கினார். ஏகாதசி அன்றைக்குச் சாதம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவள் கொல்லைக் கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுத அழுகையை எதிர்வீட்டில் கேட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் ஆகட்டும் என்று சொல்லவே இல்லை. கோபமா, இல்லை, அந்தச் சொல்லும் போய்விட்டதா? வைத்தியருக்கும் தெரியவில்லை.

பூதலிங்கம் ரொம்ப நாள் கோபத்தோடு இருக்கிறவர் அல்ல. மறுவருஷம் அவரே லலிதாவுக்கு வேறொரு வரன் கொண்டுவந்தார். நெய்யாற்றங்கரையில் அஞ்சலாபீஸ் குமஸ்தா, இருபத்திரண்டு வயது, அமைதியான பையன். அவர்களும் தாம்பூலம் மாற்ற வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் ஓர்மை இல்லாதவர் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவரை யாரும் கேட்கவில்லை. பூதலிங்கமே தட்டை எடுத்தார்.

"அண்ணா, கொஞ்சம் இரு" என்றாள் சூடாமணி. இந்தத் தடவையும் அவள் கதவைத் தாண்டி வந்துவிட்டாள். தட்டை வாங்கிக்கொண்டுபோய் பட்டாபி மடியில் வைத்தாள். செயலிருந்த இடது கையை எடுத்து அதன் விளிம்பில் வைத்தாள்.

"ஏன்னா, நல்ல பையன். நான் விசாரிச்சுட்டேன். லலிதாவுக்கும் பிடிச்சிருக்கு. குடுக்கலாமா?"

கூடம் சங்கடத்தோடு காத்திருந்தது. யாரோ இருமினார்கள். அவர் வெற்றிலையைப் பார்த்தார். கதவோரம் நின்ற லலிதாவைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அசைந்ததா, காற்றில் விளக்கு ஆடினதா? அவள் குனிந்து, அவர் வாயருகே காதை வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் நின்றாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

"ஆகட்டும்ங்கறார்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. பூதலிங்கம், "சரிம்மா, சரிம்மா" என்று தட்டை மெல்ல எடுத்துக்கொண்டார். சூடாமணி பட்டாபி முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை காலத்தில் முதல் தடவையாக, அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியவில்லை.